கால்வாயை அடைக்கும் குளிசைகள்

லண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டென் 1772இல் அச்சிட்ட கட்டுரையில் ஒரு விசித்திரமான நெஞ்சுநோவை விவரித்தார். நடக்கும்போது வரும். மேட்டில் ஏறினால், அதுவும் சாப்பிட்ட கையோடு ஏறினால், இன்னும் சுலபமாக வரும். நின்றதும் போய்விடும். ‘அஞ்சைனா பெக்டோரிஸ்’ என்று அவர் வைத்த பெயர் இன்றுவரை நிலைத்திருக்கிறது.

மன்னார்த் தீவில் ஏறுவதற்கு மேடு கிடையாது. தாழ்வுபாடு தொடங்கித் தலைமன்னார் வரை கடலை ஒட்டிக் கிடக்கும் மணல்தரைதான். மேட்டுக்குப் பதிலாக இங்கே காற்று இருக்கிறது. வைகாசி முதல் புரட்டாதி வரை சோளகம் விடாமல் வீசும். அதை நம்பித்தான் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகளை நிறுத்தி, 103.5 மெகாவாட் ஆற்றலுள்ள ‘தம்பபவனி’ நிலையத்தை இலங்கை மின்சார சபை 2020இன் இறுதியில் தொடக்கி வைத்தது. ஆகவே ஹெபர்டெனின் கேள்வியை இங்குள்ள கிளினிக்கில் வேறு மாதிரிக் கேட்க வேண்டும்: “காத்துக்கு எதிரா சைக்கிள் மிதிக்கேக்க நெஞ்சு இறுக்குதோ ஐயா? கரைவலை இழுக்கேக்க நோ வந்து, கயிறை விட்டிட்டு நிண்டா போகுதோ?”

கரைவலை இழுப்பது இதயத்துக்குக் கடும் சோதனை. வலையின் ஒரு கயிறு கரையில் நிற்க, வள்ளம் கடலுக்குள் அரைவட்டமாகப் போய் வலையை விட்டுவிட்டு மறுகயிற்றைக் கரைக்குக் கொண்டுவரும். பிறகு இரு பக்கமும் ஆட்கள் நின்று, அம்பா பாடி, மணிக்கணக்கில் இழுப்பார்கள். பல இடங்களில் இயந்திரம் வந்துவிட்டாலும் கைவேலை முற்றாக ஒழிந்துவிடவில்லை. காலால் செய்யும் வேலையைவிடக் கையால் செய்யும் வேலை, அதிலும் மூச்சைப் பிடித்து இழுக்கும் வேலை, நாடித்துடிப்பையும் குருதியமுக்கத்தையும் அதிகம் கூட்டும். அந்த இரண்டும் கூடினால் இதயத்தசைக்குத் தேவையான ஒட்சிசனும் கூடும். மற்றத் தசைகள் ஓடிவரும் குருதியிலிருந்து கூடுதல் ஒட்சிசனை உறிஞ்சிச் சமாளித்துக்கொள்ளும். இதயத்தசைக்கு அந்த வசதி இல்லை. ஓய்வாக இருக்கும்போதே அது தனக்கு வரும் ஒட்சிசனில் பெரும்பகுதியை எடுத்துவிடுகிறது. கூடுதல் வேண்டுமென்றால் கூடுதல் குருதி வந்தே ஆக வேண்டும். அதைக் கொண்டுவரும் முடியுரு நாடி வழியில் கொழுப்புப் படிந்து ஒடுங்கியிருந்தால் அது வராது. அந்தப் பற்றாக்குறைதான் நெஞ்சில் இறுக்கமாக, பாரமாக, சிலவேளை இடக்கையிலும் தாடையிலும் நோவாகத் தெரிகிறது.

இதற்குக் கொடுக்கும் மருந்துகளில் ஒரு குடும்பம் கல்சியக் கால்வாய் தடுப்பான்கள். வெரபமில், டில்டியாசெம், நிஃபெடிபின், அம்லோடிபின் ஆகிய நான்கு பெயர்களும் ஒரே குடும்பப் பெயரின் கீழ் வந்தாலும் ஒன்றின் இடத்தில் மற்றொன்றைக் கண்ணை மூடிக்கொண்டு வைக்க முடியாது. எது சிறந்தது என்ற போட்டி ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக நடந்து வருகிறது. அதில் கிடைத்த முடிவு பலர் எதிர்பார்க்காதது. நாடியை எவ்வளவு பலமாக விரிக்கிறது என்பதைவிட, எவ்வளவு நிதானமாக விரிக்கிறது என்பதே நோயாளிக்கு முக்கியமாக இருந்தது.

எந்தக் கல்சியம்?

மன்னாரின் பெயரை உலகறியச் செய்தது கல்சியம்தான். அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டிக் கரைகளுக்கு அப்பால் எடுத்த முத்தும், குளியாளிகள் அள்ளிய சங்கும், கடலடிப் பவளப் பாறையும் பெரும்பாலும் கல்சியம் காபனேற்று. சித்த வைத்தியர்கள் முத்தையும் சங்கையும் பவளத்தையும் புடமிட்டுப் பற்பமாக்கிக் கொடுத்து வந்திருக்கிறார்கள். இப்படிக் கல்சியத்தை மருந்தாகக் கண்ட ஊரில் ‘கல்சியத் தடுப்பான்’ என்று ஒரு குளிசையைக் கொடுத்தால் சந்தேகம் வருவது இயல்பு. பால் குடிக்கலாமா? முள்ளோடு நெத்தலி தின்னலாமா? எலும்பு உருகிவிடாதா?

பால் குடிக்கலாம், நெத்தலியும் தின்னலாம். இந்த மருந்துகள் உணவிலுள்ள கல்சியத்தையோ எலும்பிலுள்ள கல்சியத்தையோ தொடுவதில்லை. உடலின் கல்சியத்தில் 99 வீதம் எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. நாம் பேசுவது மீதியுள்ள சிறு பங்கைப் பற்றி, அதிலும் கலங்களின் மென்சவ்வைக் கடந்து உள்ளே போகும் அயன்களைப் பற்றி.

கலத்துக்கு வெளியே கட்டற்று நிற்கும் கல்சியத்தின் செறிவு, ஓய்வான கலத்தின் உள்ளே இருப்பதைப்போல் சுமார் 10,000 மடங்கு. கட்டுக்கரைக் குளத்தில் தண்ணீர் தளும்பி நிற்க, கீழே வயல் காய்ந்து கிடப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். துருசைச் சற்றுத் திறந்தாலே தண்ணீர் தானாகப் பாயும், யாரும் இறைக்கத் தேவையில்லை. கலமென்சவ்விலுள்ள கல்சியக் கால்வாய் என்ற புரதம் அப்படியொரு துருசு. மென்சவ்வின் மின்னழுத்தம் மாறும்போது அது சில மில்லிசெக்கன்கள் திறக்கும். கல்சியம் உள்ளே பாயும், தசை சுருங்கும். பிறகு துருசு மூட, உள்ளே வந்த கல்சியத்தைக் கலம் வெளியேற்றியும் சேமித்தும் வைக்க, தசை தளரும்.

இதயத்தில் இந்தத் துருசுக்கு இரண்டு வேலை. இதயவறையின் தசையில் அது ஒவ்வொரு துடிப்பின் பலத்தையும் தீர்மானிக்கிறது. துடிப்பைத் தொடக்கி வைக்கும் கணுவிலும், சோணையிலிருந்து இதயவறைக்குத் துடிப்பைக் கடத்தும் கணுவிலும் அது வேகத்தைத் தீர்மானிக்கிறது. மூன்றாவது வேலை நாடிச் சுவரில்: அங்குள்ள மழமழப்பான தசை சுருங்கினால் நாடி ஒடுங்கும், தளர்ந்தால் விரியும். ஆக, ஒரே வகைக் கால்வாய் பலத்தையும் வேகத்தையும் நாடியின் விட்டத்தையும் ஆள்கிறது. இந்த மூன்றில் எதை எவ்வளவு தொடுகிறது என்பதில்தான் ஒரு தடுப்பானுக்கும் மற்றொன்றுக்கும் வேறுபாடு.

எல்லாக் கல்சியக் கால்வாய்களும் ஒரே மாதிரி இருந்திருந்தால் இந்த மருந்துகள் விஷமாகியிருக்கும். நரம்பு முனைகளிலும் கல்சியக் கால்வாய்கள் உண்டு. அதற்கு மன்னார் வளைகுடாவின் பவளப் பாறைகளில் வாழும் கூம்பு நத்தைகளின் இனமே சான்று. அழகான ஓட்டுக்காக மக்கள் பொறுக்கும் இந்த நத்தைகள் நஞ்சூசி எய்து இரை பிடிப்பவை. பசுபிக் கடலில் மீன் பிடித்துத் தின்னும் கோனஸ் மேகஸ் என்ற இனத்தின் நஞ்சிலுள்ள ஒரு சிறு புரதம் நரம்பு முனையின் கால்வாயை மட்டும் அடைத்துவிடுகிறது. பால்டோமெரோ ஒலிவெராவின் ஆய்வுகூடத்தில் பிரித்தெடுக்கப்பட்ட அந்தப் பொருள் சிக்கோனோடைட் என்ற பெயரில், முள்ளந்தண்டைச் சூழ்ந்த திரவத்துக்குள் நேரே செலுத்தும் வலிமருந்தாக 2004இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நெஞ்சுநோவுக்கு அதனால் பயனில்லை. அதேபோல், இதயத்துக்கான குளிசைகள் ‘எல்’ வகை எனப்படும் கால்வாய்களையே அடைக்கின்றன, நரம்பு முனையை விட்டுவிடுகின்றன.

தவளையும் குழாய்த் தண்ணீரும்

துடிப்புக்குக் கல்சியம் வேண்டும் என்பது ஒரு பிழையிலிருந்து தெரியவந்தது. லண்டனில் சிட்னி ரிங்கர் 1880களின் தொடக்கத்தில் தவளை இதயத்தை உப்புக் கரைசலில் துடிக்க வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இதயம் நெடுநேரம் நன்றாகத் துடித்தது. பிறகுதான், கரைசல் காய்ச்சி வடித்த தண்ணீரில் செய்யப்படவில்லை, நியூ ரிவர் கம்பெனியின் குழாய்த் தண்ணீரில் செய்யப்பட்டது என்று தெரிந்தது. சுத்தமான தண்ணீரில் செய்து பார்த்தார். துடிப்பு தேய்ந்து நின்றது. குழாய்த் தண்ணீரில் இருந்து வடித்த தண்ணீரில் இல்லாமற் போனது கல்சியம் என்று 1883இல் எழுதினார்.

அந்தக் கண்டுபிடிப்பு மருந்தாக மாற எண்பது ஆண்டுகள் சென்றன. ஜேர்மனியின் க்னோல் நிறுவனத்தில் ஃபெர்டினண்ட் டெங்கல், அபினிலுள்ள பப்பாவரின் என்ற பொருளின் கட்டமைப்பை மாற்றி வெரபமிலை உருவாக்கினார். 1960களில் அது முடியுரு நாடியை விரிக்கும் மருந்தாக வெளிவந்தது. அது இதயத்தின் பலத்தையும் குறைத்தது ஏன் என்பது விளங்கவில்லை. ஃப்ரைபுர்க் பல்கலைக்கழகத்தில் ஆல்பிரெக்ட் ஃப்ளெக்கன்ஸ்டைன் 1964இல் இந்த மருந்து கொடுத்த இதயத்தசையையும், கல்சியம் அகற்றிய கரைசலில் வைத்த இதயத்தசையையும் ஒப்பிட்டார். இரண்டும் ஒன்றுபோலவே நடந்துகொண்டன. மின்துடிப்பு வந்தது, சுருக்கம் மட்டும் மங்கியது. கல்சியத்தைக் கூட்டினால் பலம் திரும்பியது. ரிங்கர் கரைசலில் இருந்து கல்சியத்தை எடுத்துச் செய்ததை, ஒரு குளிசை உடலுக்குள்ளேயே அளவாகச் செய்கிறது என்று ஃப்ளெக்கன்ஸ்டைன் புரிந்துகொண்டார். ‘கல்சிய எதிரி’ என்ற புதிய மருந்து வகை அவரால் பிறந்தது.

அடுத்த இரண்டும் சீக்கிரமே வந்தன. ஜப்பானின் தனாபே நிறுவனத்தின் டில்டியாசெம் 1974இலும், பேயர் நிறுவனத்தில் ஃப்ரீட்ரிக் போசெர்ட்டும் வுல்ஃப் வாட்டரும் கண்டெடுத்த நிஃபெடிபின் 1975இலும் சந்தைக்கு வந்தன. இங்கிலாந்தின் சான்ட்விச்சிலுள்ள ஃபைசர் ஆய்வுகூடத்தின் அம்லோடிபின் 1992இல் அமெரிக்க அனுமதி பெற்றது.

ஒரே துருசு, வெவ்வேறு பூட்டு

வெரபமில் கால்வாயின் நடுத்துளைக்குள் போய் அமரும். அதற்குள் போக வேண்டுமானால் கால்வாய் திறந்திருக்க வேண்டும். அடிக்கடி திறக்கும் கால்வாய் அதிகம் மாட்டிக்கொள்ளும். இதயத்தின் கணுக்கள் ஓயாமல் வேலை செய்பவை என்பதால் வெரபமில் அங்கே பலமாகப் பிடிக்கிறது. நாடித்துடிப்பு குறைகிறது, சுருக்கத்தின் பலமும் குறைகிறது.

நிஃபெடிபினும் அம்லோடிபினும் டைஹைட்ரோபிரிடின் என்ற கிளையைச் சேர்ந்தவை. அவை துளைக்குள் போகாமல், வெளிப்பக்கத்தில் மென்சவ்வின் கொழுப்பை ஒட்டியுள்ள இடத்தில் பிடித்துக் கால்வாயின் வடிவத்தைக் கோணலாக்குகின்றன. வில்லியம் கட்டெராலின் குழுவினர் பக்டீரியாப் புரதமொன்றைத் திருத்திச் செய்த கால்வாயில் இந்த இரு இடங்களையும் 2016இல் படம்பிடித்துக் காட்டினர். டைஹைட்ரோபிரிடின்கள் செயலிழந்த நிலையிலுள்ள கால்வாயை விரும்புகின்றன. நாடிச் சுவரின் தசை, இதயத்தசையைப்போல் துடிப்புக்குத் துடிப்பு முழு ஓய்வுக்குத் திரும்புவதில்லை. எப்போதும் சற்று இறுகியே இருக்கும். அந்த நிலையில் இந்தக் கால்வாய்கள் அதிகம் கிடைக்கும். ஆகவே அவற்றின் வேலை பெரும்பாலும் நாடியில், இதயத்தின் வேகத்தில் அவை நேரே கைவைப்பது அரிது.

டில்டியாசெம் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. துடிப்பை ஓரளவு குறைக்கும், நாடியை ஓரளவு விரிக்கும்.

இந்த இரண்டு வழிகளாலும் நெஞ்சுநோ தணியும், கணக்குத்தான் வேறு. நாடிகள் விரிந்தால் இதயம் தள்ள வேண்டிய சுமை குறைந்து ஒட்சிசன் தேவை இறங்கும், முடியுரு நாடியும் தளரும். துடிப்பு குறைந்தால் தேவை இறங்குவதோடு வரவும் கூடும். இதயத்தசைக்குக் குருதி பாய்வது பெரும்பாலும் அது சுருங்கும்போதல்ல, இரண்டு துடிப்புகளுக்கு இடையே தளரும்போது. துடிப்பு குறைய அந்த இடைவெளி நீளும்.

வேகம் செய்த கேடு

நிஃபெடிபின் முதலில் திரவம் நிரம்பிய மென்குளிசையாக வந்தது. உடலில் அதன் அரைவாழ்வு ஏறத்தாழ 2 மணித்தியாலம். விழுங்கிய சற்று நேரத்தில் நாடிகள் சட்டென விரிந்து குருதியமுக்கம் விழும். கண்முன்னே எண் இறங்குவதைப் பார்த்த வைத்தியர்களுக்கு அது வல்லமையான மருந்தாகத் தோன்றியது. பிறசர் ஏறி வந்தவருக்கு மென்குளிசையை ஊசியால் குத்தி நாக்கின் கீழ் சொட்டுவது தெற்காசிய வைத்தியசாலைகளிலும் மேலைநாடுகளிலும் வழக்கமாயிற்று.

உடல் சும்மா இருக்கவில்லை. அமுக்கம் சட்டென விழுந்ததும் கழுத்து நாடியிலுள்ள உணரிகள் அபாயம் என்று கொள்ளும். மூளை நரம்பு வழியாக இதயத்தை விரட்டும், துடிப்பு எகிறும். துடிப்பு எகிறினால் ஒட்சிசன் தேவை கூடும், தளர்ச்சி இடைவெளி சுருங்கும். நெஞ்சுநோவுக்குக் கொடுத்த மருந்தே சிலருக்கு நெஞ்சுநோவை வரவழைத்தது.

1986இல் வெளியான நெதர்லாந்துப் பல்கலைக்கழகங்களின் ஆய்வில், நிலையற்ற நெஞ்சுநோவுக்கு நிஃபெடிபினைத் தனியாகக் கொடுத்தவர்களிடம் மாரடைப்பு கூடுவதுபோலத் தெரிந்ததால் ஆய்வை இடையில் நிறுத்தினார்கள். துடிப்பைக் குறைக்கும் பீட்டா தடுப்பான் என்ற மருந்தை ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு மட்டும் அது உதவியது. இதயம் எகிறாமல் பீட்டா தடுப்பான் கட்டிவைத்திருந்ததே காரணம். 1995இல் கர்ட் ஃபர்பெர்க்கும் சகாக்களும் 16 ஆய்வுகளைத் தொகுத்து, குறுகிய நேரம் வேலை செய்யும் நிஃபெடிபினின் அளவு கூடக்கூட இறப்பும் கூடியதாகக் காட்டினர். நாளொன்றுக்கு 80 மில்லிகிராம் அளவில் அந்த வேறுபாடு மிகத் தெளிவாக இருந்தது. அடுத்த ஆண்டு எஹூட் கிராஸ்மனும் சகாக்களும், நாக்கின் கீழ் நிஃபெடிபின் கொடுப்பதை அடியோடு நிறுத்த வேண்டும் என்று அமெரிக்க மருத்துவ சங்க இதழில் எழுதினர்.

அந்த மென்குளிசை முற்றாக ஒழிந்துவிடவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அதற்கு இன்று ஓரிடம் உண்டு, மகப்பேற்று மருந்துகளின் வரிசையில். குறைமாதத்தில் தொடங்கும் பிரசவ வலியைத் தள்ளிப்போட, கருப்பையின் தசையைத் தளர்த்த அதைக் கொடுக்கிறார்கள்.

நெஞ்சுநோவுக்கு வேறு வடிவம் தேவைப்பட்டது. சவ்வூடு பரவலால் மெல்ல மெல்ல மருந்தைத் தள்ளும் நீள்நேரக் குளிசையில் நிஃபெடிபினை அடைத்தார்கள். லேசரால் துளையிட்ட ஓட்டிலிருந்து 24 மணித்தியாலம் மருந்து கசியும், வெற்று ஓடு மலத்தோடு போகும். குளிசை கரையாமலே போகிறதே என்று பயந்தவர்கள் உண்டு, பயப்பட ஒன்றுமில்லை. இந்த வடிவத்தை நிலையான நெஞ்சுநோ உள்ள 7,665 பேரிடம் சோதித்த ‘ஆக்‌ஷன்’ ஆய்வு 2004இல் வந்தது. இறப்பு கூடவுமில்லை, குறையவுமில்லை. நாடிப் படமெடுப்பும் பைபாஸ் சத்திரசிகிச்சையும் தேவைப்பட்டவர்கள் குறைந்தனர். மூலக்கூறு அதேதான், வேகம் மட்டுமே மாறியிருந்தது.

அம்லோடிபினுக்கு அந்த வித்தைகூடத் தேவைப்படவில்லை. அது இயல்பிலேயே மந்தம். குருதியில் உச்சத்தை எட்ட 6 முதல் 12 மணித்தியாலம், அரைவாழ்வு 30 முதல் 50 மணித்தியாலம், முழு அளவுக்கு நிலைகொள்ள ஒரு வாரம். அமுக்கம் மெல்ல இறங்குவதால் உணரிகள் கலவரப்படுவதில்லை. அதே 2004இல் முடியுரு நாடி நோயுள்ள 1,991 பேரிடம் நடந்த ‘கேமலாட்’ ஆய்வில், இரண்டு ஆண்டுகளில் வெற்றுக் குளிசை எடுத்தவர்களில் 23.1 வீதத்தினருக்கும் அம்லோடிபின் எடுத்தவர்களில் 16.6 வீதத்தினருக்கும் இதயச் சம்பவங்கள் நேர்ந்தன. வேறுபாட்டின் பெரும்பங்கு, நெஞ்சுநோவுக்காக வைத்தியசாலையில் சேர்வதும் நாடியைத் திறக்கும் சிகிச்சையும் குறைந்ததால் வந்தது.

வெரபமிலும் தோற்றுப்போகவில்லை. ஸ்டொக்ஹோமில் 809 பேரிடம் மெட்டோபிரோலோலோடும் (1996), 22,576 பேர் பங்கேற்ற ‘இன்வெஸ்ட்’ ஆய்வில் அட்டெனோலோலோடும் (2003) அதை மோத விட்டபோது, பீட்டா தடுப்பானுக்குச் சமமாகவே நின்றது.

ஆளுக்கு ஏற்ற தெரிவு

ஆய்வுகளில் சமமாக வந்த மருந்துகள், கிளினிக்கில் முன்னால் இருக்கும் ஒருவருக்குச் சமமாக இருப்பதில்லை.

பீடி பிடித்து நுரையீரல் கெட்டு, தொய்வும் உள்ள ஒரு மீனவருக்குப் பீட்டா தடுப்பான் மூச்சுக்குழாயை இறுக்கிவிடலாம். அவருடைய நாடித்துடிப்பும் வேகமாக இருந்தால் டில்டியாசெம் அல்லது வெரபமில் நல்ல தெரிவு. ஆனால் இதயத்தின் பலம் ஏற்கெனவே குறைந்திருந்தால் இரண்டுமே ஆபத்து. 1988இல் மாரடைப்புக்குப் பின் டில்டியாசெம் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வில், நுரையீரலில் நீர் கோத்திருந்தவர்களுக்கு அது கெடுதலே செய்தது. அப்படிப்பட்டவருக்குக் கல்சியத் தடுப்பான் தேவையென்றால் அம்லோடிபின்தான். துடிப்பு இயல்பிலேயே மிக மந்தமாக உள்ளவருக்கும், கணுவில் கடத்தல் தடைப்பட்டவருக்கும் வெரபமிலும் டில்டியாசெமும் ஆகாது.

ஓடியாடும்போது ஒன்றுமில்லாமல், விடியற்புறத்தில் படுக்கையில் நெஞ்சு இறுகுபவரும் உண்டு. மைரன் பிரின்ஸ்மெட்டல் 1959இல் விவரித்த வகை அது. நாடி திடீரென வலித்துச் சுருங்குவதால் வருவது. இங்கே கல்சியத் தடுப்பான்கள் முதல் வரிசை மருந்து, பீட்டா தடுப்பான் நிலைமையை மோசமாக்கக்கூடும்.

ஒரு மருந்து போதாவிட்டால் இரண்டைச் சேர்ப்பார்கள். பீட்டா தடுப்பானோடு அம்லோடிபின் நல்ல கூட்டு: ஒன்று துடிப்பைக் கட்டும், மற்றது நாடியை விரிக்கும். பீட்டா தடுப்பானோடு வெரபமிலைச் சேர்த்தால் இரண்டும் ஒரே கணுவை அமுக்கி, துடிப்பு நின்றுபோகும் அளவுக்கும் போகலாம். பீட்டா தடுப்பான்களின் கதை அடுத்த அத்தியாயத்தில் வருகிறது. இந்தச் சேர்க்கை கூடாது என்பதை மட்டும் இங்கேயே மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

பக்கவிளைவுகளும் குணத்தை ஒட்டியவை. வெரபமில் குடலின் தசையையும் தளர்த்துவதால் மலச்சிக்கல் வரும். அம்லோடிபினால் கணுக்கால் வீங்கும், குறிப்பாக 10 மில்லிகிராம் அளவில். சிறுநாடிகள் விரிகின்றன, நாளங்கள் அந்த அளவுக்கு விரிவதில்லை. மயிர்த்துளைக் குழாய்களில் அமுக்கம் கூடி நீர் வெளியே கசிகிறது. மன்னாரின் பங்குனி, சித்திரை வெயிலில் இது இன்னும் தெரியும். உடலில் நீர் தேங்கியதால் வந்த வீக்கம் அல்ல என்பதால், சலத்தைக் கூட்டும் குளிசையால் பெரிய பயன் இல்லை. அளவைக் குறைப்பதோ, எனலாப்பிரில் போன்ற மருந்தைச் சேர்ப்பதோ பலன் தரும்.

கூட எடுக்கும் மற்ற மருந்துகளையும் பார்க்க வேண்டும். வெரபமிலும் டில்டியாசெமும் ஈரல் சிம்வாஸ்டட்டினைச் சிதைக்கும் வழியை மறிக்கின்றன. கொழுப்புக்கான அந்தக் குளிசையின் அளவு குருதியில் ஏறித் தசை நோவும் சேதமும் வரலாம். கிளாரித்ரோமைசின் என்ற அன்டிபயோட்டிக் இதே வழியை மறித்து, கல்சியத் தடுப்பானின் அளவையே ஏற்றிவிடும். பம்பளிமாசின் உறவான கிரேப்ஃபுரூட் சாற்றுக்கும் இந்தக் குணம் உண்டென்று 1991இல் டேவிட் பெய்லி காட்டினார். பம்பளிமாசிலும் அதே வகைப் பொருட்கள் இருக்கின்றன.

தூரமும் நேரமும்

மன்னார் நகரில் மாவட்டப் பொது வைத்தியசாலை இருக்கிறது. முடியுரு நாடியைப் படமெடுத்துத் திறக்க வேண்டுமென்றால் தாம்போதியைக் கடந்து யாழ்ப்பாணத்துக்கோ அநுராதபுரத்துக்கோ போக வேண்டும், எந்தப் பக்கமும் சுமார் நூறு கிலோமீற்றர். இப்படியொரு இடத்தில் ஒரு நோயாளி ஆண்டுக்கணக்கில் குளிசையை நம்பியே காலம் தள்ளக்கூடும். ஆகவே எந்தக் குளிசை, எத்தனை வேளை என்பது சின்ன விடயமல்ல.

சாதாரண டில்டியாசெம் 60 மில்லிகிராம் குளிசையை நாளுக்கு மூன்று வேளை எடுக்க வேண்டும். இரவு கடலுக்குப் போய்ப் பகலில் தூங்குபவருக்கு வேளைக் கணக்கு குழம்பும். வாடியில் தங்கியிருந்து தொழில் செய்பவரிடம் குளிசை முடிந்துபோகும். நான்கைந்து மணித்தியால அரைவாழ்வுள்ள மருந்தில் ஒரு வேளை தவறினால் பாதுகாப்பும் போய்விடும். அம்லோடிபினில் ஒருநாள் தவறினாலும் பாதிக்கு மேல் உடலில் இருக்கும். அதன் மந்தம், மறதிக்கும் தொழிலின் ஒழுங்கின்மைக்கும் ஈடுகொடுக்கிறது.

அதே மந்தத்தால் அம்லோடிபின் நோ வந்த நேரத்துக்கு உதவாது. அதற்கு நாக்கின் கீழ் வைக்கும் கிளிசரில் டிரைநைட்ரேட் வேண்டும். அந்தக் குளிசை வெப்பத்தில் ஆவியாகி வீரியம் இழப்பது. கண்ணாடிப் போத்தலில் இறுக மூடி, சட்டைப்பை வியர்வைக்கும் வெயிலுக்கும் எட்டாமல் வைக்க வேண்டும். அதை வைத்தும் நோ தணியாவிட்டால், அல்லது ஓய்விலும் நோ தொடர்ந்தால், அது மாரடைப்பாக இருக்கலாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும். இலவசமான அந்தச் சேவை 2018இல் வடக்குக்கும் விரிந்தது.

குளிசை மாறும்போது

அரச வைத்தியசாலையில் மருந்து இலவசம். கையிருப்பு இல்லாதபோது துண்டை எடுத்துக்கொண்டு அரச மருந்துக்கடையான ஒசுசலைக்கோ தனியார் மருந்துக்கடைக்கோ போக வேண்டியிருக்கும். 2022இன் பொருளாதார நெருக்கடியில் நாடெங்கும் அந்த அலைச்சல் இருந்தது. ‘அது இல்லை, இதுவும் அதே வகைதான்’ என்று வேறொன்றைத் தருவது அப்போது நடக்கும். டில்டியாசெமுக்குப் பதில் அம்லோடிபின் கொடுத்தால் துடிப்பைக் கட்டிவைத்த கை விலகிவிடும். அம்லோடிபினுக்குப் பதில் பீட்டா தடுப்பானோடு சேர்த்து வெரபமில் வந்தால் விபரீதம்.

வணிகப் பெயரை விட்டு மருந்தின் உண்மைப் பெயரால் எழுது, மலிவானதை மொத்தமாக வாங்கு என்ற கொள்கையைச் செயலாக்கிக் காட்டியவர் பேராசிரியர் சேனக பிபிலே. 1971இல் உருவான அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர் அவர். அவருடைய கொள்கை அம்லோடிபினுக்கு அப்படியே பொருந்தும். தரச் சோதனையில் தேறிய எந்த நிறுவனத்தின் 5 மில்லிகிராமும் ஒன்றுதான், விலை கூடியதைத் தேடி ஓட வேண்டியதில்லை. நிஃபெடிபின், டில்டியாசெம், வெரபமில் ஆகியவற்றின் நீள்நேர வடிவங்களில் சற்று நின்று பார்க்க வேண்டும். அங்கே மருந்து கசியும் வேகத்தைத் தீர்மானிப்பது குளிசையின் கட்டமைப்பு, அது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். பிரித்தானிய மருந்துக் கையேடு, நிஃபெடிபின், டில்டியாசெம் ஆகியவற்றின் இந்த வடிவங்களை ஒரே தயாரிப்பாகத் தொடர்ந்து கொடுக்கும்படி அறிவுறுத்துவது அதனால்தான். அதே காரணத்தால் அவற்றை உடைக்கவோ இடிக்கவோ கூடாது. விழுங்கக் கஷ்டப்படும் வயதானவருக்காக வீட்டில் இடித்துக் கரைத்துக் கொடுத்தால், 24 மணித்தியாலத்துக்கான மருந்து ஒரேயடியாக இறங்கி, பழைய மென்குளிசையின் ஆபத்து திரும்பி வரும்.

இந்த ஒப்பீட்டின் பெரும்பகுதியை நோயாளியே செய்து கொடுக்க முடியும். கிளினிக் நாளில் நான்கு விடயங்களைச் சொன்னால் போதும்: கடந்த மாதம் எந்த வேலையின்போது எத்தனை தரம் நோ வந்தது, கணுக்கால் வீங்கியதா அல்லது மலம் இறுகியதா, எத்தனை வேளை குளிசை தவறியது, வேறு எங்கே என்ன மருந்து வாங்கினார். நாடித்துடிப்பை வைத்தியர் கையைப் பிடித்தே எண்ணிக்கொள்வார். அளவைக் கூட்டுவதா, டில்டியாசெமிலிருந்து அம்லோடிபினுக்கு மாற்றுவதா, இரண்டாவது மருந்து சேர்ப்பதா, யாழ்ப்பாணத்துக்கு அனுப்புவதா என்ற நான்கு முடிவுகளும் அந்தப் பதில்களிலிருந்துதான் வரும்.